கேத்தல் தண்ணீரில் உதுமான் காக்கா காட்டிய பிழை

வந்தாறுமூலைச் சந்தியில் லொறிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. காத்தான்குடியிலிருந்து சீலை மூட்டையோடு ஊர் ஊராகப் போகும் வியாபாரி ஒருவர் என்னைக் கண்டு சைக்கிளை நிறுத்தினார். "சாமித்தம்பி, உங்கட உதுமான் காக்கா மவுத்தாப் போயிட்டாரு. நேத்துக் காலையில. அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கியாச்சு" என்றார். நான் "ஓம்" என்றேன். வாளியில் மிச்சமிருந்த தண்ணீரையும் ஊற்றி மூடியைத் திருகினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டியபடி போய்விட்டார்.

அன்றைக்குச் சித்தாண்டிக்கு அப்பால் ஒரு வயல்வட்டையில் நெல் ஏற்ற வேண்டியிருந்தது. போய் ஏற்றினேன். வயற்காரர் மோர் தந்தார், குடித்தேன். மூட்டைகளைக் கட்டிய கயிற்றை வழக்கம்போல இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். உள்ளுக்குள் ஏதாவது நடக்கும் என்று வழி நெடுகக் காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மரத்த கால் போலத்தான் இருந்தது மனது. இதை எழுதும் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

அவரை அறிந்த உங்களில் சிலர் அவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னீர்கள். நான் லொறி ஓட்டுபவன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஆனாலும் மறுக்கவில்லை. அவரைப் பற்றி ஊரில் ஒரு கதை உலவுவது எனக்குத் தெரியும். முதலாளியின் லொறி எஞ்சினை நாசமாக்கியதால் கராஜிலிருந்து விரட்டப்பட்டவர் என்பது அந்தக் கதை. அதில் பாதிதான் உண்மை. மறுபாதியைச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். அந்த லொறியை ஓட்டியவன் நான்.

முழுப்பெயர் உதுமாலெவ்வை. காத்தான்குடியில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. தகப்பனும் தமையனும் தறியில் இருக்க, இவர் மட்டும் எப்படியோ லொறிக்கு அடியில் போய்ச் சேர்ந்துவிட்டார். மட்டக்களப்பு நகரில் வாவிக் கரையோரமாக இருந்த எங்கள் முதலாளியின் கராஜில் அவர் மெக்கானிக், நான் சாரதி. ஆறு வருடம் ஒன்றாக வேலை செய்தோம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் என்பதால் எனக்குக் காக்கா, அதாவது அண்ணன். போகப்போகக் கராஜில் எல்லோருக்குமே காக்கா ஆகிவிட்டார், முதலாளிக்கு மட்டும் உதுமான்.

மெலிந்த ஆள். சாப்பிடுமுன் சாம்பல் போட்டு மூன்று தரம் கை கழுவுவார். நகக்கண்ணில் மசகு தெரிந்தால் சோற்றுப் பொட்டலத்தை அவிழ்க்கமாட்டார். நாங்கள் சாப்பிட்டு முடித்துப் பீடி பற்றவைக்கும்போதுதான் அவர் உட்காருவார். "சோறு என்ன, ஓடியா போயிரும்?" என்பார். அவசரப்படுத்தினால் இன்னும் மெதுவாகக் கழுவுவார்.

ஒருமுறை நகரத்துப் பெரிய மனிதர் ஒருவரின் கார் கிளம்பாமல் எங்கள் கராஜுக்கு இழுத்து வரப்பட்டது. என்ன கோளாறு என்று அவர் கேட்டார். காக்கா, "தெரியாது" என்றார். மறுநாளும் வந்து கேட்டார். மறுநாளும் "தெரியாது". முதலாளிக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஏதாவது ஒன்றைச் சொல்லி வையேன் என்று காக்காவைத் தனியே கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். மூன்றாம் நாள் கோளாறு அகப்பட்டது. மின்கம்பி ஒன்று உறைக்குள்ளேயே அறுந்திருந்தது. அதன் பிறகு அந்தப் பெரிய மனிதரை நிறுத்திவைத்து அரை மணித்தியாலம் விளக்கம் சொன்னார். அவர் போனதும் எங்களிடம், "தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லுங்கடா. அதுக்கு யாரும் வரி கேக்க மாட்டாங்க" என்றார். அந்தச் சொல் கராஜில் நெடுநாள் ஓடியது. உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

இனி அந்த லொறியின் விஷயம்.

உலக யுத்தகாலம். கப்பலில் உதிரிச் சாமான் வருவதில்லை. ஒரு திருகாணிச் சுரை தேவையென்றாலும் பழைய வண்டியில் கழற்றித்தான் போட வேண்டும். நான் ஓட்டியது அமெரிக்க லொறி. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஒன்று சாரதிக்கு முன்னால் இருக்கும், சூட்டுமுள் என்போம். எஞ்சினின் மேற்பகுதியில், தண்ணீர் ஓடும் இடத்தில், சுண்டுவிரல் அளவான செம்புக் குமிழ் ஒன்று இறக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து ஈர்க்குப் பருமனில் ஒரு செம்புக் குழாய் முள்ளுக்கு வரும். குமிழுக்குள் இருக்கும் திரவம் சூடுபட்டு விரிய, முள் ஏறும். குமிழும் குழாயும் முள்ளும் ஒரே சாமான். அதில் ஓரிடம் கெட்டாலும், எஞ்சின் எரிந்தால்கூட முள்ளுக்குத் தெரியாது.

பாரம் ஏற்றி வரும்போது அந்த முள் வழக்கமாக அரைக்கு மேல் ஏறும். ஒரு கிழமையாகக் கால்பங்குக்கு மேல் ஏறவில்லை. காக்காவிடம் சொன்னேன். வேறொரு லொறியின் பிரேக்கைக் கழற்றிப் போட்டிருந்தவர் எழுந்து வந்தார். முள்ளின் கண்ணாடியை விரலால் தட்டினார். முள் ஆடியது.

"முள்ளு நல்லாத்தான் இரிக்கி, சாமித்தம்பி. ரேடியேட்டர ரெண்டு நாளாக் கழுவினனே, இப்ப எஞ்சின் குளிர்ந்து ஓடுது. அதுக்கும் குறை சொல்றியா?"

சிரித்தார். நானும் சிரித்தேன். வேலைப் புத்தகத்தில் என் லொறியின் பெயருக்கு நேரே 'சூட்டுமுள் பார்த்தது, சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

பத்து நாள் கழிந்திருக்கும். வெல்லாவெளியிலிருந்து நெல் ஏற்றிக்கொண்டு வந்தேன். முற்பகல் வெயில். இரு பக்கமும் அறுத்த வயல். நாலு மைல் வந்ததும் எஞ்சினுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. யாரோ உள்ளே இருந்து கதவைத் தட்டுவது போன்ற சத்தம். முள்ளைப் பார்த்தேன். காலில் நின்றது. சூடு இல்லை, வேறு ஏதோ, கராஜுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சத்தம் கூடியது. மேலும் அரை மைல் ஓட்டினேன். லொறி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

இறங்கி முன்மூடியைத் திறந்தேன். கீழ்ப்பக்கத்து ரப்பர் குழாய் வெடித்துத் தண்ணீர் ஒழுகியிருந்தது. மிச்சம் எவ்வளவு என்று பார்க்க ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். முள் காலில்தானே நிற்கிறது, சுடாது என்ற எண்ணம். கொதிநீரும் ஆவியுமாக அடித்தது. வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. களத்தில் நின்றவர்கள் ஓடிவந்து என்னை மாட்டுவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் காலை லொறியை இழுத்துவர இன்னொரு லொறியோடு காக்கா போனார். கையில் கட்டோடு நானும் போனேன். அவர் எஞ்சினைக் கைப்பிடி போட்டுச் சுற்றிப் பார்த்தார். அசையவில்லை. பிஸ்டன்கள் சூட்டில் இறுகிப் பிடித்துப்போயிருந்தன. குந்தியிருந்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"முள்ளு எங்க நிண்டது?"

"காலில காக்கா."

"சத்தம் ஏதும் கேட்டிச்சா?"

"இல்ல" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவாகத் தெரியாது. பயம்தான். சத்தம் கேட்டும் அரை மைல் ஓட்டினான் என்றால் முதலாளி என்ன செய்வார் என்று ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதே நினைத்துவிட்டேன் போலும். காக்கா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். மறுபடி கேட்கவில்லை. கயிற்றைக் கட்டினார்.

முதலாளி கராஜ் வாசலிலேயே காத்திருந்தார். யுத்தகாலத்தில் ஒரு எஞ்சின் போவது வீட்டுக் கூரை போவது மாதிரி. அவர் கோபத்தில் தப்பில்லை. சாரதி தூங்கிவிட்டான், அல்லது முள் ஏறியதைப் பார்க்காமல் ஓட்டியிருக்கிறான் என்றார். இனி மட்டக்களப்பில் எவனும் எனக்கு ஸ்டியரிங் தரமாட்டான், எல்லா லொறிக்காரருக்கும் கடிதம் எழுதுவேன் என்றார். எனக்கு அப்போது இரண்டு பிள்ளைகள். மூன்றாவது வயிற்றில். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

காக்கா வாயைத் திறக்கப் போனார். முதலாளி கையைக் காட்டித் தடுத்தார். "உதுமான், நீ ஒண்டும் கதைக்கத் தேவையில்ல. முள் சரி எண்டு நீதான் புத்தகத்தில எழுதியிருக்கிறாய். உன்னில பிழை இல்ல. அதோட விடு."

விட்டிருக்கலாம். யாரும் எதுவும் கேட்டிருக்கமாட்டார்கள்.

காக்கா லொறிக்குள் ஏறினார். முள்ளையும் குழாயையும் குமிழையும் மடிப்பு விழாமல் கழற்றி எடுத்தார். ஓரமாக நின்ற இன்னொரு லொறியிலிருந்து அதே மாதிரி ஒன்றைக் கழற்றினார். பிறகு வாசலில் இருந்த தேத்தண்ணிக் கடைக்குப் போய், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கேத்தலைத் துணியால் பிடித்துத் தூக்கி வந்து, முதலாளியின் முன்னால் மேசைமேல் வைத்தார். கராஜில் நின்ற எல்லோரும் கூடிவிட்டார்கள்.

"இது நல்ல லொறிட சாமான். பாருங்க முதலாளி" என்று முதலாவது குமிழைக் கேத்தலுக்குள் இறக்கினார். முள் எழுந்தது. கால், அரை, முக்கால். சிவப்புக் கோட்டுக்குக் கிட்டப் போய் நின்றது.

"இது சாமித்தம்பிட லொறி."

இரண்டாவது குமிழை இறக்கினார். முள் மெல்ல அசைந்து காலில் வந்து நின்றது. காத்திருந்தார். எல்லோரும் காத்திருந்தோம். கேத்தல் மூக்கால் ஆவி வந்துகொண்டே இருந்தது. முள் அதற்கு மேல் ஏறவில்லை. அவர் விரலால் கண்ணாடியைத் தட்டினார். முள் ஆடியது.

"தட்டினா ஆடும். அண்டைக்கு நானும் இதத்தான் செஞ்சன். தட்டினன், ஆடிச்சு, சரி எண்டு எழுதினன். கொதிதண்ணியில வெச்சுப் பார்க்கல்ல. நான் கழுவின ரேடியேட்டராலதான் குளிர்ந்து ஓடுது எண்டு எனக்கு ஒரு பெருமை. பிழை எனக்கு முதலாளி. இவருக்கு இல்ல."

குழாயைக் கையில் எடுத்து, அது எஞ்சின் பக்கத் தகட்டைக் கடந்து வரும் இடத்தைக் காட்டினார். தகட்டின் விளிம்பில் உராய்ந்து உராய்ந்து ஓரிடம் தேய்ந்து பளபளத்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு துளை. திரவம் அதன் வழியாகக் கசிந்துவிட்டது. "நூலும் உராயிற இடத்திலதான் அறும்" என்றார், யாருக்கும் சொல்லாத மாதிரி.

முதலாளி கேத்தலை ஒரு பக்கம் தள்ளிவைத்தார். அவருக்கு ஆத்திரத்தை வைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. ஆள் தானாக முன்னால் வந்து நின்றது. "அப்ப நீ போ" என்றார். காக்கா "சரி முதலாளி" என்றார். தன் கருவிகளைக் கோணிப்பையில் சுற்றினார். சாம்பல் எடுத்து மூன்று தரம் கை கழுவினார். போய்விட்டார்.

நான் அங்கேதான் நின்றேன். பின்சக்கரத்தில் சாய்ந்துகொண்டு, ஆறடி தூரத்தில். "சத்தம் எனக்குக் கேட்டது, நான் நிறுத்தவில்லை" என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பிழை இரண்டாகப் பிரிந்திருக்கும். இருவருமே தப்பியிருக்கலாம், அல்லது இருவருமே போயிருக்கலாம். தெரியாது. என் வேலை தப்பியது.

எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்ய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. வெளியிலிருந்து வேறொரு மெக்கானிக் வந்து அதைச் செய்தார். சூட்டுமுள்ளுக்கு மட்டும் சாமான் கிடைக்கவில்லை. முள் இல்லாமலே ஓட்டச் சொன்னார் முதலாளி. ஓட்டத் தொடங்கிய இரண்டாம் நாள் காலை, காக்கா கராஜ் வாசலில் வந்து நின்றார். கையில் வாழைமட்டையில் வளையமாகச் சுற்றிக் கட்டிய ஒரு பொதி. ஏறாவூரில் யாரோ வீட்டு வளவில் கிடந்த பழைய லொறியிலிருந்து கழற்றிய முள்ளும் குமிழும். குழாய் மடிந்தால் செத்துவிடும் என்று அங்கிருந்து நடந்தே கொண்டுவந்திருந்தார். முதலாளி அவரைக் கண்டும் காணாதவர்போல் உள்ளே போய்விட்டார். போகச் சொல்லவும் இல்லை.

"கேத்தல் ஒண்டு வாங்கிட்டு வா" என்றார் என்னிடம்.

வாங்கிவந்தேன். குமிழை என் கையில் தந்தார். "நான் சொன்னன் எண்டு நம்பாத. நீ வை. நீ பார்."

ஆறிக்கொண்டிருந்த கையால் நான்தான் வைத்தேன். முள் சிவப்புக் கோடு வரை ஏறியது. எடுத்தேன், இறங்கியது. மறுபடி வைக்கச் சொன்னார். மூன்று தரம். பிறகு ரேடியேட்டரில் பாதித் தண்ணீரை இறக்கிவிட்டு, குமிழை அதன் துவாரத்தில் இறக்கி, சுரையின் புரிகளில் பருத்தி நூலைச் சுற்றி இறுக்கினார். குழாயில் இரண்டு தளர்ந்த வளையம் விட்டார், லொறி அதிர்ந்தாலும் குழாய் இழுபடாமல் இருக்க. தகட்டைக் கடக்கும் இடத்தில் பழைய டியூப் ரப்பரை வெட்டிச் சுற்றினார். தண்ணீர் ஊற்றி எஞ்சினை ஓடவிட்டு, முள் மெல்ல மெல்ல அரைக்கு வரும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். சுரையைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தார். ஈரமில்லை.

"காக்கா" என்றேன்.

"கை எப்பிடி?" என்றார்.

"ஆறுது."

"வெயிலில காட்டாத" என்றுவிட்டுப் போனார்.

அதன் பிறகு காத்தான்குடியிலேயே ஓலைக் கொட்டில் ஒன்று போட்டு சைக்கிள், தையல் மெசின், நெல்லுக் குத்தும் எஞ்சின் என்று வந்ததையெல்லாம் திருத்தினார். பிழைப்பு இருந்தது, பழைய வருமானம் இருக்கவில்லை. அந்த வழியால் போனால் நிறுத்துவேன். தேநீர் தருவார். பிள்ளைகளைக் கேட்பார். போகப்போக நிறுத்துவது குறைந்தது. வேலை கூடுதல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசியாகக் கண்டது கல்லடிப் பாலத்தில். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்தார், நன்றாக மெலிந்து, கழுத்தில் துவாயோடு. நான் கையைத் தூக்கினேன். அவரும் தூக்கினார். பின்னால் வேறு வண்டிகள் வந்ததால் நிறுத்தவில்லை. மூன்று கிழமை கழித்து, வந்தாறுமூலையில் அந்த வியாபாரி சைக்கிளை நிறுத்தினார்.

வெள்ளிக்கிழமை காத்தான்குடிக்குப் போனேன். அவருடைய தமையனார், தறிக்காரர், என்னை வெளி அறையில் பாயில் இருத்தினார். காய்ச்சலில் கிடந்தது எத்தனை நாள், கடைசியாக என்ன கேட்டார் என்றெல்லாம் சொன்னார். சொற்கள் காதில் விழுந்தன. உள்ளே போகவில்லை. அவர் சொல்லி முடித்ததும், எதற்கென்று யோசிக்காமலே நான் சொல்லிவிட்டேன்.

"எனக்கு அண்டைக்குச் சத்தம் கேட்டது. இல்லை எண்டு காக்காவுக்குப் பொய் சொன்னன்."

தமையனார் ஆச்சரியப்படவில்லை. "அவனுக்குத் தெரியும் தம்பி" என்றார். "சத்தம் போடாம எந்த எஞ்சினும் பிடிக்காது எண்டு அண்டைக்கு ராவே சொன்னான். அப்ப ஏன்டா நீ மட்டும் ஏத்துக்கிட்ட எண்டு நான் ஏசினன். 'பயந்த மனிசன், கையும் வெந்து போச்சி. அவன்ட பிழைய அவன்தான் சொல்லணும், நான் சொல்ல ஒண்ணா. என்ட பிழைய நான் சொல்லிட்டன்' எண்டான். அதுக்கு மறுகா அந்தப் பேச்சே எடுக்கல்ல."

தேநீர் வந்தது. குடித்தேன். வெளியே வந்து லொறியில் ஏறி உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

அங்கிருந்து நேரே முதலாளி வீட்டுக்குப் போனேன். இன்னமும் அவருடைய லொறியைத்தான் ஓட்டுகிறேன். அவர் சாய்வு நாற்காலியில் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்: வெல்லாவெளி றோட்டில் எஞ்சின் தட்டிய சத்தம் எனக்குக் கேட்டது, அரை மைல் நிறுத்தாமல் ஓட்டினேன், பாதிப் பிழை எனக்கு. அவர் பத்திரிகையை மடித்தார். கோபப்படுவார் என்று நின்றேன். "இப்ப ஏன் சொல்றாய்?" என்று கேட்டார். "உதுமான் காக்கா போயிட்டார்" என்றேன். அவருக்கு அதுவரை தெரிந்திருக்கவில்லை. மடித்த பத்திரிகையைக் கீழே வைத்தார். பிறகு, "நல்ல வேலைக்காரன்" என்றார். பத்திரிகையை மறுபடி எடுத்து, "திங்கட்கிழமை வெள்ளன வா, லோட் இருக்கு" என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. அதற்காக என் மனம் இலேசாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கேத்தலைச் சுற்றி அன்றைக்கு நின்ற உங்களுக்கும், நிற்காமல் கதையை மட்டும் கேட்ட உங்களுக்கும், இப்போது முழுவதும் தெரியும்.

அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. படம்கூட இல்லை, அவர் படம் எடுத்துக்கொண்டதாகவே தெரியவில்லை. 'பிழை எனக்கு' என்று ஒரு மனிதன் எவ்வளவு சாதாரணமான குரலில் சொல்ல முடியும் என்பது மட்டும் தெரியும். அந்தக் குரலை வைத்திருக்கிறேன். அதே குரலில் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. முதலாளிக்கு முன்னால் என் குரல் நடுங்கியது.